உதிரிச் சில்லில் காற்று நிற்காத காரணம்
நிலாவெளியில் கடற்கரையோரம் நிறுத்தப்படும் எங்கள் வான் வண்டியின் அடியில் தொங்கும் உதிரிச் சில்லில் 35 பிஎஸ்ஐ காற்று நிரப்பினாலும், நான்கு நாட்களில் அது பாதியாகக் குறைந்துவிடும். திருகோணமலை நகரில் டயர் ஒட்டும் கடையில் தண்ணீரில் அமிழ்த்திச் சுழற்றியபோது குமிழி எதுவும் வரவில்லை; வால்வை மாற்றியதும் வீண். வீட்டில் சில்லைப் படுக்கவைத்து, ரிம்மும் டயரும் சேரும் விளிம்பில் சவர்க்கார நீர் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருந்த பின்னரே, வால்வுக்கு எதிர்ப்புறத்தில் கடுகளவு நுரை மெல்ல எழுந்தது. டயரைக் கழற்றினால், தரையை நோக்கித் தொங்கிய பக்கத்து விளிம்பு மட்டும் உப்புக்காற்றில் துருவேறிச் செதில் செதிலாக உரிந்திருந்தது. கம்பித் தூரிகையால் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டினேன். மூன்று வாரமாக அளவு குறையவில்லை, நிம்மதி.