கிரேட் எட்டோடு பியானோவை மூடிவிடாதீர்கள்

மட்டக்களப்பில் பியானோ படிக்கிற பிள்ளைகளில் கெட்டிக்காரரை நினைத்தால்தான் எனக்குக் கவலை. ஏழு வயதில் தொடங்கி, வருடத்துக்கு ஒரு கிரேட் என்று எட்டுப் படிப் பரீட்சைகளில் ஏறி, பதினாறு வயதுக்குள் எட்டாம் கிரேட் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். பிறகு ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) வரும், பியானோவின் மேல் துணி விழும். "மகள் பியானோ முடிச்சிட்டா" என்று பெற்றார் சந்தோசமாகச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

எட்டாம் கிரேட் பரீட்சைக்கு வாசிக்கும் மூன்று உருப்படிகளும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மேடைக் கலைஞர் ஒருவர் ஒரே மாலையில் எழுபது, எண்பது நிமிடம் வாசிக்கிறார், பெரும்பாலும் இசைத்தாளைப் பாராமல். பீத்தோவன் ஒருவரே பியானோவுக்கென்று 32 சொனாட்டாக்களை, அதாவது பல பகுதிகள் கொண்ட பெரிய உருப்படிகளை, எழுதி வைத்திருக்கிறார். வருடத்துக்கு மூன்று உருப்படி படித்த பிள்ளையிடம் எட்டு வருட முடிவில் இருபத்துநாலு உருப்படி இருக்கவேண்டும். கேட்டுப் பாருங்கள், கடைசி மூன்றுதான் கையில் நிற்கும். பரீட்சை எடுப்பது பிழையில்லை. பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் படிப்பதுதான் பிழை. ஒவ்வொரு பரீட்சை உருப்படிக்கும் பக்கத்தில், அதைவிட இலகுவான இரண்டையாவது புதிதாகப் படிக்கவேண்டும். பழையதை மாதம் ஒரு தடவையாவது எடுத்து வாசிக்கவேண்டும்.

அடுத்த பிழை, பரீட்சகர் ஒருவருக்கு முன்னால் மட்டுமே வாசித்து வளர்வது. எங்கள் கூத்தை நினைத்துப் பாருங்கள். அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்குவார், சதங்கை கட்டி, அரங்கேற்றி, பிறகும் விடாமல் வீட்டுக்கு வீடு ஆடுவார்கள். களரியில் விடிய விடிய நின்றவனுக்குச் சபைப் பயம் எங்கிருந்து வரும்? பெரிய பியானோக் கலைஞர்களும் புதிய நிகழ்ச்சி ஒன்றைப் பெரிய மண்டபத்துக்குக் கொண்டுபோகுமுன் சிறிய ஊர்களிலும் நண்பர் வீடுகளிலும் வாசித்துப் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு அம்மம்மா வீட்டு விறாந்தை போதும்.

மனனத்தில் நடக்கும் பிழையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஐம்பது தடவை வாசித்தால் விரல் தானாக ஓடும். அதை மனனம் என்று நம்பிவிடுகிறார்கள். மேடையில் கை நடுங்கி ஓரிடத்தில் வழுக்கினால் அந்த ஓட்டம் அறுந்துபோகும், முதலிலிருந்து தொடங்குவதைவிட வேறு வழி தெரியாது. ஆகவே உருப்படியை ஆறேழு இடங்களில் பிரித்து, எந்த இடத்திலிருந்தும் தொடங்கப் பழக்குங்கள். இடது கையைத் தனியே, பாராமல் வாசிக்கச் சொல்லுங்கள். அதிலேதான் உண்மை தெரியவரும். தாள் வைத்து வாசிப்பதும் குறைச்சலான காரியமில்லை. ஸ்வியட்டஸ்லாவ் ரிக்டர் போன்ற மேதை பிற்காலத்தில் ஒரு சிறு விளக்கை ஏற்றித் தாளைப் பார்த்தே வாசித்தார்.

நோவைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பதை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். சின்ன வயதில் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கையில் என் மணிக்கட்டு நொந்தது. "பழகப் பழகச் சரியாயிடும்" என்றார் சொல்லித்தந்தவர். நானும் நம்பினேன். பரீட்சை முடிந்தபின் இரண்டு மாதம் பியானோப் பக்கம் போக முடியவில்லை. அமெரிக்கக் கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1964இல், முப்பத்தாறு வயதில், புகழின் உச்சியில் நின்றபோது வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் உள்ளே மடங்கத் தொடங்கின. மூளை விரலுக்கு அனுப்பும் கட்டளை குழம்பும் நோய் அது. முப்பது வருடம் இடது கைக்கென்று எழுதப்பட்டவற்றை வாசித்தும், படிப்பித்தும், இசைக்குழுக்களை நடத்தியும் வாழ்ந்தார். மறுபடி இரண்டு கையாலும் வாசித்து அவர் வெளியிட்ட இசைத்தட்டு 2004இல்தான் வந்தது. நோ வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். நாலு மணித்தியாலம் தொடர்ந்து அடிப்பதைவிட, முக்கால் மணித்தியாலம் வாசித்து எழும்பி நடந்துவிட்டு வருவது நல்லது. கதிரையின் உயரத்தையும் பாருங்கள், முழங்கை பியானோக் கட்டைகளின் மட்டத்தில் நிற்கவேண்டும்.

வாத்தியத்தைப் பற்றி இரண்டே சொல். 61 கட்டை கீபோர்ட்டில் விரலுக்குப் பாரம் தெரியாது. உண்மைப் பியானோ வாங்க வசதியில்லாவிட்டால் பாரமுள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோவுக்குச் சேமியுங்கள். மரப் பியானோ இருந்தால் வாவிக் காற்று நேரே அடிக்கும் யன்னலடியில் வைக்காதீர்கள். மாரியில் பலகை ஊறிச் சுருதி ஏறும், கச்சான் காற்றில் காய்ந்து இறங்கும், உப்பு கம்பியைத் தின்னும்.

தனியே மேடையில் இருப்பவர் மட்டும்தான் கலைஞர் என்ற எண்ணமும் பிள்ளைகளைக் கெடுக்கிறது. இலங்கையில் பிறந்த ரொஹான் டி சில்வா, வயலின் மேதை இட்சாக் பெர்ல்மனுக்குப் பியானோ வாசித்து உலகமெல்லாம் போனவர். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிக்கும் பிள்ளை, இன்னொருவர் மூச்செடுக்கும் இடத்தைக் கேட்டு வாசிக்கப் பழகுகிறது. அந்தத் தொழிலுக்கு முதற்படி அதுதான்.

"எங்கட ஊரில இருந்து எப்படி?" என்பார்கள். ஹனோயில் பிறந்த தாங் தாய் சொன், வியட்நாம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து, தாயிடம் படித்து வளர்ந்தவர். 1980இல் போலந்தின் வார்சோவில் நடந்த சர்வதேச சோப்பின் பியானோப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவர். 2021இல் அதே பரிசைப் பெற்ற புரூஸ் லியூ அவருடைய மாணவர். ஆனால் தாங் தாய் சொன்னும் ஒரு கட்டத்தில் மொஸ்கோவுக்குப் படிக்கப் போகவேண்டியிருந்தது. பதினாறு வயது என்பது பியானோவை மூடும் வயதல்ல, அடுத்த ஆசிரியரைத் தேடும் வயது.

ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) எழுதியபின் கையில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். எட்டாம் கிரேட் முடித்த பிள்ளை என்றால் அதற்குள் பரீட்சைக்கல்லாத ஒன்றை முழுதாகப் படிக்கட்டும். பீத்தோவனின் பதெத்தீக் சொனாட்டா, மூன்று பகுதிகளும், இருபது நிமிடம். படித்து முடித்ததும் பியானோ இருக்கிற மூன்று வீட்டுக்காவது போய் வாசிக்கட்டும்.