உதவித்தொகை விண்ணப்பங்களுக்கு உதவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பணிக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்கள், எங்களில் பலர் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்வதைப் பார்த்துதான் இதை எழுதுகிறேன். பெயரில் எழுத்துப் பிழை, விடுபட்ட கையொப்பம், மங்கலான நகல் போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவை எப்படியும் சரிபார்ப்பில் திரும்பி வந்துவிடும். எந்தச் சரிபார்ப்பிலும் சிக்காமல் போகிறவைதான் குடும்பத்துக்கு நட்டம் வைக்கின்றன.

குடும்ப அட்டையில் அவசரமாகக் கை வைப்பது

கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட காலத்தில், அட்டையில் கணவர் பெயர் தலைவராக இருக்கிறதே என்று பதறி வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு ஓடியவர்கள் உண்டு. விதி அதைக் கேட்கவே இல்லை. ஆண் தலைவராக உள்ள அட்டையில் அவருடைய மனைவியே குடும்பத் தலைவியாகக் கருதப்படுவார் என்றும், ஓர் அட்டைக்கு ஒரு பயனாளி மட்டுமே என்றும் அது தெளிவாகச் சொன்னது. விதியைப் படிக்காமல் ஒருவரை அலுவலகத்துக்கு அனுப்பினால், அவருக்கு ஒரு நாள் கூலி போகும்.

பணம் வரவில்லை என்றதும் புதுக் கணக்கு தொடங்கச் சொல்வது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். தொகை ஒப்புதலாகியும் கைக்கு வரவில்லை என்று ஒருவர் வந்து நின்றால், உதவுபவர் உடனே, "வேறு பேங்கில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு ஒன்று ஆரம்பித்துவிடுங்கள், அம்மா" என்கிறார். கைரேகை வைத்தால் சில நிமிடங்களில் கணக்கு கிடைத்துவிடுவதால் அது எளிய வழியாகத் தோன்றுகிறது. ஆனால் ஆதார் வழியாக அனுப்பப்படும் தொகை, விண்ணப்பத்தில் நாம் எழுதிய கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. வங்கிகளுக்கிடையேயான பணப் பரிமாற்றத்தை நடத்தும் அமைப்பான என்பிசிஐ பராமரிக்கும் பதிவில் அந்த ஆதார் எண்ணுக்கு நேரே எந்த வங்கியின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போகிறது. ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் இருக்க முடியும் என்பதால், கடைசியாக இணைத்த வங்கி முந்தையதை விலக்கிவிடும். அரசு மானியங்களை இந்தக் கணக்கிலேயே பெற விரும்புகிறேன் என்ற பொருளில் கணக்குப் படிவத்தில் இருக்கும் கட்டத்தை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அதில் ஒரு டிக் விழுந்துவிட்டால், புதிய உதவித்தொகை மட்டுமல்லாமல், அந்த ஆதாரின் வழியாக வந்துகொண்டிருந்த எரிவாயு மானியமும் சேர்ந்தே இடம் மாறிவிடும்.

ஒரு பெண் கட்டைப்பை நிறைய மனு நகல்களுடன் வந்தார். ஒவ்வொன்றிலும் ஆட்சியர் அலுவலகத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தின் முத்திரை இருந்தது. அவருடைய பாஸ்புக்கில் குறிப்பிட்ட ஒரு மாதம் வரை வரவு இருந்தது. அதன் பிறகு வட்டியைத் தவிர வேறு பதிவு இல்லை. ஆதார் ஆணையத்தின் தளத்தில் அவரே ஓடிபியை உள்ளிட, வங்கி இணைப்பு நிலையைத் திறந்து பார்த்தோம். திரையில் இருந்த வங்கியின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். சிம் கார்டு வாங்கியபோது கடைக்காரர் இரண்டாம் முறையும் கைரேகை வைக்கச் சொன்னதை உடன் வந்த மகள்தான் நினைவுபடுத்தினார். அதாவது, தொகை நிற்கவே இல்லை. அவருக்குத் தெரியாத கணக்கில் மாதந்தோறும் சேர்ந்துகொண்டிருந்தது. இதற்கிடையே ஒரு தன்னார்வலர் அவரை இன்னொரு கணக்கும் தொடங்க வைத்திருந்தார். நல்லவேளையாக, அந்தப் படிவத்தில் மேற்சொன்ன கட்டத்தை நிரப்ப மறந்திருந்தார்கள்.

இது எங்கோ ஒருவருக்கு நடந்த விபத்து அன்று. 2017-இல் ஒரு கைபேசி நிறுவனத்தின் பேமெண்ட்ஸ் வங்கி, கைபேசி எண்ணுக்கு ஆதார் சரிபார்க்க வந்தவர்களின் பெயரில் அவர்களுக்குச் சரிவரத் தெரியாமலே கணக்குகளைத் தொடங்க, எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் மின்னணுச் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே முதலில் இணைப்பு நிலையைப் பார்க்க வேண்டும். திரையில் வேறு வங்கி தெரிந்தால், பயனாளி வழக்கமாகப் பயன்படுத்தும் வங்கிக் கிளைக்குச் சென்று, ஒப்புதல் படிவத்தில் முந்தைய வங்கியின் பெயரையும் மறக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே "ஆதார் ஏற்கெனவே லிங்க் ஆகியிருக்கிறதே" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் சொல்வது வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்புக்காகச் செய்த இணைப்பு. நமக்கு வேண்டியது என்பிசிஐ லிங்க் என்று கேட்டு நிற்க வேண்டும். தளத்தில் பெயர் மாறும்வரை பழைய கணக்கை மூடவும் கூடாது, ஏனெனில் மூடிய கணக்குக்குப் போகும் தொகை திரும்பிவிடும்.

வருமானச் சான்றுக்கு அலைய விடுவது

உரிமைத்தொகை விண்ணப்பத்துடன் வருமானச் சான்றோ நில ஆவணமோ இணைக்கத் தேவையில்லை என்று அரசே அறிவித்தது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட் என்ற வரம்புகளை வீட்டாரிடம் முன்பே கேட்டுக்கொண்டால் போதும்.

நிராகரிப்புக்குப் பின் கைவிடுவது

30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய இத்திட்டத்தில் வழி வைத்தார்கள். குறுஞ்செய்தி வந்த தேதியைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

தரகர்

விண்ணப்பம் இலவசம்; தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

குறைந்தபட்ச இருப்புப் பிடித்தத்தைக் கேள்வி கேட்காமல் விடுவது

வந்த ஆயிரம் ரூபாயில் பாதியை வங்கி அபராதமாகப் பிடித்துக்கொண்டது என்று வருபவரிடம், அவருடையது எந்த வகைக் கணக்கு என்று யாரும் கேட்பதில்லை. ஜன்தன் உள்ளிட்ட அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டிய கட்டாயமே கிடையாது. சாதாரணச் சேமிப்புக் கணக்காக இருந்தால், அதை அடிப்படைக் கணக்காக மாற்றித் தருமாறு கிளையில் எழுத்து மூலம் கேட்கலாம். பிடித்தம் தவறானது என்றால் அதையும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ள வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யும்போது அந்த முத்திரையிட்ட நகலைத்தான் இணைக்க வேண்டியிருக்கும்.