எஃப்டிபி சர்வர்ல ஒவ்வொரு யூசரும் அவங்கவங்க ஃபோல்டர்லயே போய் நிக்கற மாதிரி செட் பண்றது எப்படிங்க?

திருப்பூர்ல பிரிண்டிங், எம்பிராய்டரின்னு ஜாப் ஒர்க் வெளிய குடுக்கற ஆபீஸ்ல எல்லாம் இந்தத் தேவை இருக்குதுங்க. ஆர்ட்ஒர்க் ஃபைல் மெயில்ல போகாத சைஸ்ல இருக்கும், வாட்ஸ்அப்ல அனுப்புனா யாருக்கு எது போச்சுன்னே தெரியாது, அதனால சும்மா கெடக்கற ஒரு கம்ப்யூட்டர்ல எஃப்டிபி சர்வர, அதாவது நெட்ஒர்க் வழியா ஃபைல் போட எடுக்க வழி பண்ற சாஃப்ட்வேர, ஏத்தி வச்சுருவாங்க. அது வரைக்கும் நல்லதுதான். ஆனா எல்லாருக்கும் ஒரே யூசர்நேம், ஒரே பாஸ்வேர்டுன்னு குடுத்துட்டா, ஒரு பிரிண்டிங் யூனிட்காரர் உள்ள வந்தா அடுத்த யூனிட்டோட டிசைன், ரேட், பையரோட அடுத்த சீசன் ஆர்ட்ஒர்க் வரைக்கும் பாத்துட்டுப் போயிரலாம். பையர் நம்மள நம்பிக் குடுத்த ஃபைலுங்க அது, அதக் காப்பாத்தறது நம்ம பொறுப்பு.

லாகின் ஆனதும் யூசர் எந்த ஃபோல்டர்ல போய் நிக்கறாரோ அதுதான் டிஃபால்ட் டைரக்டரி, ஹோம் டைரக்டரின்னும் சொல்லுவாங்க. லைன் வீட்டுல காம்பவுண்டு ஒண்ணா இருந்தாலும் அவங்க சாவி அவங்க கதவத்தான தொறக்கோணும், அப்படித்தான் இதையும் வைக்கோணும். இங்க ஃபைல்ஜில்லா சர்வர வச்சு சொல்றேன், காசில்லாம கிடைக்குது, விண்டோஸ்ல ஏத்தறதும் சுலபம்.

மொதல்ல ஃபோல்டர். டி டிரைவ்ல ஜாப்ஒர்க்னு ஒண்ணு போட்டு, அதுக்குள்ள ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியா பிரிண்ட்1, பிரிண்ட்2, எம்ப்1னு போடுங்க. எல்லாரும் பாக்க வேண்டிய லேபில் அளவு, பேக்கிங் முறை மாதிரி ஃபைலுக்கு பொதுன்னு இன்னொண்ணு. பேரெல்லாம் இங்கிலீஷ் சின்ன எழுத்துல, நடுவுல இடம் விடாம வச்சா பின்னால தொல்லை இல்ல.

அடுத்து, அட்மின் ஸ்கிரீனத் தொறந்து கனெக்ட் பண்ணுங்க. அதே கம்ப்யூட்டர்னா 127.0.0.1, போர்ட் 14148. மேல சர்வர் மெனுவுல கான்ஃபிகர், அதுல ரைட்ஸ் மேனேஜ்மென்ட், அதுக்குக் கீழ யூசர்ஸ். ஆட் அமுக்கி பிரிண்ட்1னு பேர் குடுங்க, பாஸ்வேர்டு கட்டாயம்ங்கறத செலக்ட் பண்ணி ஒரு நல்ல பாஸ்வேர்டு போடுங்க.

இப்பத்தான் முக்கியமான எடம், மவுண்ட் பாயின்ட். அங்க ரெண்டு கட்டம் இருக்கும். வர்ச்சுவல் பாத்துங்கறது யூசர் கண்ணுக்குத் தெரியற வழி, நேட்டிவ் பாத்துங்கறது நம்ம டிஸ்க்ல நெஜமா இருக்கற வழி. வர்ச்சுவல் பாத்ல வெறும் / மட்டும் போட்டு, நேட்டிவ் பாத்ல டி டிரைவ்ல இருந்து பிரிண்ட்1 ஃபோல்டர் வரைக்கும் முழு வழியும் குடுங்க. அவ்வளவுதான், அந்த யூசருக்கு உலகமே அந்த ஃபோல்டர்ல இருந்துதான் ஆரம்பிக்கும், அதுக்கு மேல ஒண்ணு இருக்குதுன்னே தெரியாது. நெறைய பேரு இங்க / க்கு நேரா மொத்த ஜாப்ஒர்க் ஃபோல்டரையும் குடுத்துட்டு, அவங்க அவங்க ஃபோல்டருக்கு அவங்களே போயிக்குவாங்கன்னு வுட்டர்றாங்க, அதத் தயவு செஞ்சு பண்ணாதீங்க. பழைய விளக்கங்கள்ல ஃபோல்டர் பக்கத்துல ஹெச்னு ஒரு எழுத்து வரும்பாங்க, அது 0.9 வெர்ஷனுக்கு. இப்ப அந்த வேலைய இந்த / தான் செய்யுது.

ஆக்சஸ் மோடுல ரீட் ரைட் வச்சா அவங்க ஃபைல் போடலாம், எடுக்கலாம், அழிக்கவும் செய்யலாம், அதனால பேக்கப் ஒண்ணு தனியா ஓடிட்டே இருக்கோணும். பொது ஃபோல்டருக்கு இன்னொரு மவுண்ட் பாயின்ட் ஆட் பண்ணி, வர்ச்சுவல் பாத்ல /பொது மாதிரி குடுத்து ரீட் ஒன்லி வச்சுருங்க. டிஸ்க்ல அது வேற எடத்துல இருந்தாலும் யூசருக்கு அவரோட ஃபோல்டருக்குள்ளயே இருக்கற மாதிரிதான் தெரியும். யூனிட் நெறையன்னா குரூப்ஸ்ல ஒரு குரூப் போட்டு பொதுவ அதுல வச்சு யூசர எல்லாம் அதுல சேத்துட்டா ஒவ்வொருத்தருக்கும் மறுக்கா மறுக்கா போட வேண்டாம். முடிச்சதும் அப்ளை குடுக்க மறக்காதீங்க.

அப்பறம் அதே கான்ஃபிகர்ல சர்வர் லிஸனர்ஸ்ங்கற பக்கத்துல டிஎல்எஸ், அதாவது போற வர்ற தகவல அடுத்தவங்க படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பற முறை, கட்டாயம்னு வச்சுருங்க. எஃப்டிபி விதிமுறையான ஆர்எஃப்சி 959 வந்தது 1985ல, அதும்படி பாஸ்வேர்டு லைன்ல அப்படியே வெளிச்சமாத்தான் போகும்.

இனி சோதிச்சுப் பாக்கோணும். இன்னொரு கம்ப்யூட்டர்ல ஃபைல்ஜில்லா கிளையன்ட்ல பிரிண்ட்1ஆ லாகின் பண்ணி, மேல ஓடற லாக்க ஒருக்கா உத்துப் பாருங்க. 257 போட்டு "/" தான் இப்ப இருக்கற டைரக்டரின்னு வந்தா சரியான எடத்துல நிக்கறீங்க. 530னு வந்தா யூசர்நேமோ பாஸ்வேர்டோ தப்பு, ஃபோல்டரப் போட்டு நோண்டாதீங்க. 550னு வந்தா அந்த வழி இல்ல, இல்லன்னா அனுமதி இல்ல. பிரிண்ட்2க்குள்ள போக முயற்சி பண்ணுங்க, போக முடியக் கூடாது. ஒரு சின்ன ஃபைல ஏத்தி, சர்வர் டிஸ்க்ல நெஜமாவே பிரிண்ட்1 ஃபோல்டர்லதான் விழுந்துச்சான்னும் பாத்துருங்க.

இதுல நெறைய பேரு தலையப் பிச்சுக்கறது நெட்ஒர்க் டிரைவ்லதானுங்க. ஆபீஸ்ல நாஸ் பெட்டி, அதாவது நெட்ஒர்க்ல மாட்டி எல்லாரும் ஃபைல் வைக்கற டிஸ்க் பெட்டி, இருக்கும், அத இசட் டிரைவா மேப் பண்ணி வச்சிருப்பாங்க, எக்ஸ்ப்ளோரர்ல ஜம்முனு தொறக்கும், நேட்டிவ் பாத்ல அதையே குடுத்தா மட்டும் லாகின் ஆகியும் ஃபோல்டர் வராது. காரணம், மேப் பண்ணுன டிரைவ் நீங்க விண்டோஸ்ல லாகின் பண்ணுன அக்கவுண்டுக்கு மட்டும் சொந்தம், ஃபைல்ஜில்லா சர்வரோ சர்வீஸா சிஸ்டம் அக்கவுண்டுல ஓடுது, அதுக்கு இசட்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. அதனால ரெண்டு பேக்ஸ்லாஷ்ல ஆரம்பிச்சு நாஸ் பேரு, ஷேர் பேருன்னு முழு வழியாக் குடுங்க, அப்பறம் விண்டோஸ் சர்வீசஸ்ல போயி அந்த சர்வீஸோட லாக் ஆன் பக்கத்துல, நாஸ்ல அனுமதி இருக்கற ஒரு அக்கவுண்ட மாத்தி வச்சு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

எல்லாம் சரியா இருந்தும் ஒருத்தருக்கு மட்டும் வேற எங்கியோ போய் நின்னா, அவரோட கிளையன்ட்ல சைட் மேனேஜர், அட்வான்ஸ்டு பக்கத்துல டிஃபால்ட் ரிமோட் டைரக்டரின்னு பழைய வழி ஏதாச்சும் கெடக்குதான்னு பாருங்க, இருந்தா அழிச்சுட்டு வெறுமையா வுட்டுருங்க.

ஒரு யூனிட்டோட வேலை முடிஞ்சு கணக்கும் முடிச்சாச்சுன்னா, அன்னிக்கே யூசர் எனேபிள்டுங்கற டிக்க எடுத்துருங்க. யூசர அழிக்க வேண்டாம், ஃபோல்டரும் அப்படியே இருக்கட்டும், ரிப்பீட் ஆர்டர் வந்தா மறுபடி டிக் போட்டாப் போதும்.