சமரசத்துக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் ஜொஹானஸ்பர்க், பிரிட்டோரியா உயர் நீதிமன்றங்களில் சிவில் வழக்குகளுக்கு 2031இல் விசாரணைத் தேதி கொடுக்கும் அளவுக்கு நெரிசல் முற்றிப்போனதால், 2025 ஏப்ரலில் இருந்து, நடுநிலையான ஒருவரை (சமரசர்) வைத்துச் சமரசம் பேசிப் பார்த்துவிட்டு வந்தால்தான் தேதி என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்பே, 2020 மார்ச்சில் வந்த உயர் நீதிமன்ற விதி 41ஏ, வழக்குப் போடும்போதே சமரசத்துக்குச் சம்மதமா இல்லையா, ஏன் என்று இரு தரப்பும் எழுதித் தரச் சொல்கிறது. அந்தப் படிவத்தில் கோபத்தில் "சம்மதமில்லை" என்று போட்டுவிடாதீர்கள். பின்னால் வழக்குச் செலவை யார் கட்டுவது என்று முடிவாகும்போது நீதிபதி அதையும் பார்க்கலாம்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது, பஞ்சாயத்து ஞாபகத்தில் போய் உட்காருவதில்தான். "நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க ஐயா" என்றால் சமரசர் சொல்ல மாட்டார், அது அவர் வேலை இல்லை. காந்தி பிரிட்டோரியாவில் இருந்தபோது தன் கட்சிக்காரரான வணிகர் தாதா அப்துல்லாவின் வழக்கை நடுவரிடம் விடவைத்தார். தீர்ப்புச் சொன்னது அந்த நடுவர். ஆனால் தோற்றவர் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கட்டினால் திவாலாகிவிடுவார் என்று காந்தி பார்த்து, தவணைக்கு இரு பக்கத்தையும் பேசிச் சம்மதிக்க வைத்தாரே, சமரசர் செய்வது அந்த மாதிரி வேலை. கோவில் கமிட்டிப் பெரியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அது பாதிப் பாதி.

அடுத்தது, பணத்தையே இழக்கவைக்கும் தவறு. "பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று வழக்கே போடாமல் இருந்துவிடுவார்கள். சாதாரணக் கடன் பாக்கிக்கு வழக்குப் போட இங்கே 3 வருடம்தான் கெடு; நீங்கள் தனியாகச் சமரசம் பேசுவதால் மட்டும் அது நிற்காது. அது நிற்க, எதிராளிக்குச் சம்மன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கடன் பாக்கி உண்டு என்று அவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கெடு நெருங்கினால் முதலில் வழக்கைப் போடுங்கள், அப்புறம் நிதானமாகப் பேசலாம்.

முடிவெடுக்கக்கூடியவர் நேரில் வர வேண்டும். வீட்டு விஷயமென்றால் மனைவியையும் அழைத்துப் போங்கள்: திருமணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் போடாமல் இங்கே பதிவுத் திருமணம் செய்தவர்களுக்குச் சொத்து பொது, அவர் எழுத்தில் சம்மதிக்காமல் வீட்டை விற்றுத் தருகிறேன் என்று நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. அங்கே பேசியது ரகசியம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

கடைசியில் காகிதம். என் நண்பர் ஒருவரின் ஒப்பந்தத்தில் "பாக்கியைக் கூடிய சீக்கிரம் தருவதாக" என்று ஒரே வரி. எட்டு மாதம் கழித்து "சீக்கிரம்" என்றால் எப்போது என்பதற்கே தனிச் சண்டை. எத்தனை ராண்ட், எந்தத் தேதி, எந்தக் கணக்கு, ஒரு தவணை தவறினால் என்ன என்று வரிவரியாக எழுதுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்த ஒப்பந்தத்தை நீதிமன்ற உத்தரவாக்கிவிடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். இல்லையென்றால் எதிராளி ஏமாற்றும்போது அந்தக் காகிதத்தை வைத்துப் புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டிவரும்.