சீகை வெட்டிய இடத்தில் புல் நடப் போகிறீர்களா? உரத்தைத் தள்ளி வையுங்கள்

நீலகிரியில் சீகை (வாட்டில்) மரத்தை வெட்டிவிட்டுப் பழைய புல்வெளியைக் கொண்டுவர நினைக்கிறவர்கள் பலர், காய்கறித் தோட்டத்துப் பழக்கத்தில் முதலில் தொழு உரம்தான் இறக்குகிறார்கள். வேண்டாம். சீகை அவரைக் குடும்பத்து மரம், வேர் முடிச்சில் காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்து வருஷக்கணக்கில் மண்ணில் சேர்த்து வைத்திருக்கும். மரம் போனாலும் அந்தச் சத்து உடனே போகாது. நம்ம ஊர்ப் புல்லோ அமிலத்தன்மையுள்ள, சத்துக் குறைந்த மண்ணிலேயே பழகியது. கொழுத்த மண் கிடைத்தால் குதிக்கிறது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிக்கூயு புல்தான்.

அதனால் முதலில் மண் பரிசோதனை. நான்கைந்து இடத்தில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து அரைக் கிலோ மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பக்கத்தில் சீகை ஏறாத பழைய புல்வெளி இருந்தால் அங்கேயும் ஒரு மாதிரி எடுங்கள். நமக்கு இலக்கு அந்த மண், மண்வள அட்டையில் எழுதித் தரும் உரச் சிபாரிசு இல்லை.

தழைச்சத்து அதிகமென்றால் சீகைச் சருகை வாரி வெளியே போடுங்கள். மரத்தூள் தூவியும் பார்க்கலாம். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கொஞ்ச காலம் தங்களுக்கே இழுத்துக்கொள்ளும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலிக்காது, சின்னப் பாத்தியில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

ஜேசிபி மட்டும் கூடவே கூடாது. கிக்கூயுவைக் கையால் பிடுங்கிப் பாருங்கள், வெள்ளையாய்த் தடித்த தண்டு கயிறு மாதிரி வரும், கணுவுக்குக் கணு வேர். ஒரு கணு மண்ணில் விட்டுப் போனாலும் மறுபடி துளிர்க்கும், இதில் இயந்திரம் விட்டு உழுதால் நாமே அதை நறுக்கி நட்ட மாதிரி. பிடுங்கியதைத் தார்ப்பாயில் போட்டு நன்றாகக் காய விடுங்கள். தீ வைக்கவும் கூடாது, பல பத்தாண்டுகளாக மண்ணில் தூங்கும் சீகை விதை சூடு பட்டதும் முளைத்துவிடும்.

அப்புறம் நடவு. தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் நாட்டுப்புல் தூர்களைப் பிரித்து, குழி அளவுக்கு மட்டும் மண்ணைக் கிளறி நெருக்கமாக நடுங்கள், உறைபனிக் காலம் வருவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும். சீகைக் கன்று முளைக்க முளைக்க, மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள்.

பள்ளத்தில் சதுப்பு இருந்தால் மேட்டுப் புல்லை அங்கே கொண்டுபோய் நடாதீர்கள். தோடர்கள் கோயில் கூரை வேய்கிற புல் அந்த ஈரத்தில்தான் வளரும்.