சிசரோவின் பேச்சில் ஏட்டுப் பிழை களைவது எப்படி?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் மாலை ஆறு மணிக்கு மேல் மூன்று பிள்ளைகள் லத்தீன் படிக்க வருகிறார்கள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக் கண் பழகிய எனக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு முதிய பாதிரியார். பழைய ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவைக் கையில் எடுத்ததும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பேச்சில் எது பிழை என்று நமக்கு எப்படித் தெரியும்?

முதலில் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். பிழை எந்த வழியாக நுழைந்தது என்று தெரியாமல் திருத்தக் கூடாது. இதற்குத் தாத்தாவின் பனையோலை ஏட்டைத்தான் காட்டுவேன். அதில் புள்ளி கிடையாது, ஓகாரத்துக்குத் தனிக் கொம்பும் கிடையாது. ‘கொல’ என்று கீறியிருந்தால் கொல, கோல, கொல், கோல் என நான்கு விதமாகப் படிக்கலாம். லத்தீன் ஏடுகளிலும் இதே தொல்லைதான். இடைக்காலக் கோதிக் கையெழுத்தில் ஐ, யூ, என், எம் ஆகிய எழுத்துகள் எல்லாம் குட்டைச் செங்குத்துக் கோடுகள். ‘மினிமும்’ என்ற ஒரே சொல்லில் வரிசையாக 15 கோடுகள்! ஐயம் வந்தால் அந்தச் சொல்லைக் கோடு கோடாகத் தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள். காதும் கெடுக்கும். நமக்கு மழை ‘மளை’ ஆவது போல அங்கே ‘அமாவிட்’ என்பது ‘அமாபிட்’ ஆகும், நேசித்தவன் நேசிக்கப்போகிறவனாகிவிடுவான்.

எல்லாவற்றிலும் கொடியது கண் தாவுவது. கி.மு. 63இல், ரோமில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்த கட்டிலினாவுக்கு எதிரான முதல் உரையில், ஒரே வாக்கியத்தில் ‘நிஹில்’ (சற்றும் இல்லை) என்று ஆறு முறை அடுக்குகிறார் சிசரோ. இரவுக் காவல் உன்னைச் சற்றும் அசைக்கவில்லையா, நகரின் ரோந்து அசைக்கவில்லையா, மக்களின் அச்சம் அசைக்கவில்லையா என்று போகிறது அந்த அடுக்கு. படியெடுப்பவர் இரண்டாம் நிஹிலை எழுதி, மறுபடி மூலத்தைப் பார்க்கும்போது கண் மூன்றாம் நிஹிலில் விழுந்தால், ரோந்து காணாமல் போகும். மிச்சம் இலக்கணச் சுத்தமாக நிற்கும். படிப்பவருக்கு எள்ளளவும் உறுத்தாது. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் இன்னொரு பிரதியில் எழுத்தெழுத்தாகத் தொடர்ந்து வந்தால்தான் இது பிடிபடும். அச்சகத்திலும் அப்படித்தான் செய்தோம்.

பிரதிகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். பத்துப் பிரதிகளில் ஒரே விசித்திரப் பிழை ஒரே இடத்தில் இருந்தால் பத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், சாட்சி ஒன்றே. ரோஷியஸுக்காகவும் முரேனாவுக்காகவும் சிசரோ வாதாடிய உரைகள், இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ 1415இல் பிரான்சின் குளூனி மடத்தில் கண்டெடுத்த பழம்பிரதியால் கிடைத்தவை. அந்தப் பிரதி பிறகு தொலைந்துவிட்டது. அதிலிருந்து எடுத்த படிகளை ஒப்பிட்டுத்தான் அதில் என்ன இருந்தது என்று காண வேண்டும்.

ஒரே இடத்தில் பிரதிகள் வேறுபட்டு, அந்தப் பாடங்கள் இரண்டும் பொருள் தந்தால் பழகிய சொல்லைவிட அரிய சொல்லையே நான் நம்புவேன். எழுதுகிறவர் தெரியாததைத் தெரிந்ததாக மாற்றுவாரே தவிர, மறுதலையாகச் செய்வது அபூர்வம். ஓசையும் உதவும். வெண்பாவில் தளை தட்டினால் நமக்குக் கேட்கிறதல்லவா? சிசரோவும் வாக்கியத்தின் கடைசி அசைகளைக் குறில் நெடில் பார்த்தே முடிப்பார். ‘எஸ்ஸெ விதெஆதுர்’ (இருப்பதாகத் தோன்றலாம்) என்று முடித்தாலே சிசரோவைப் போலப் பேசிவிட்டதாக எண்ணியவர்களை ரோமின் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் கண்டித்திருக்கிறார். ஆனால் ஓசைக்காக மட்டும் ஏட்டை மாற்றாதீர்கள்.

நீங்கள் சேர்த்ததைக் கூர் அடைப்புக்குள்ளும், நீக்க வேண்டியதைச் சதுர அடைப்புக்குள்ளும் வையுங்கள். எதுவும் சரிப்படாத இடத்தில் இருபுறமும் சிலுவைக் குறி. போன வாரம் ஒரு பையன் அழகான திருத்தம் ஒன்று கொண்டுவந்தான். “இந்தச் சொல் எப்படி அந்தச் சொல்லாகக் கெட்டிருக்கும்?” என்று கேட்டேன். வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழித்துவிட்டு, இரண்டு சிலுவைகளைப் போட்டான்.