பழைய உயர்ரக ஹோம் தியேட்டர் புரொஜெக்டர்: பார்த்து வாங்குவது எப்படி?

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் சாயங்காலமெல்லாம் வீட்டுக்குள்தான். அப்படி ஓர் ஆனி மாதத்தில் எனக்குப் புரொஜெக்டர் ஆசை வந்தது. ஆரியங்காவு தாண்டிப் புனலூரில் ஒருவர் விற்றார். "குழப்பம் ஒண்ணும் இல்லா" என்றார். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. பகலில் வராந்தாவில் ஓட்டிப் பார்த்து வாங்கி வந்தேன். ராத்திரி பார்த்தால், கறுப்புக் காட்சியில் நாலு நீலத் திட்டுகள். உள்ளே பேனலில், அதாவது படத்தை உருவாக்கும் சின்னத் தகட்டில், தூசி!

சரி, வாங்கலாமா? அறையை நன்றாக இருட்டாக்க முடிந்தால் வாங்கலாம். 2011இல் ஜேவிசி கம்பெனி விட்ட எக்ஸ்30 புரொஜெக்டர் வெறும் 1080பி (முழு எச்டி) தான், 4கே அளவுக்கு நுணுக்கம் கிடையாது. ஆனால் அதில் கறுப்பு கறுப்பாகவே தெரியும். மலிவான புது புரொஜெக்டரில் இரவுக் காட்சி சாம்பல் பூசினாற்போல் இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக் கிரிக்கெட் பார்க்கத்தான் என்றால் டிவி போதும்.

முதலில், மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, அதற்கு லேம்ப் இன்னும் கிடைக்கிறதா என்று தேடுங்கள். லேம்ப் விலையையும் சேர்த்துத்தான் பேரம். அறையையும் அளந்துகொள்ளுங்கள், எக்ஸ்30க்கு 100 அங்குலப் படம் வேண்டுமென்றால் சுமார் 10 அடியாவது தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்து, இருட்டிய பிறகு போங்கள். லேப்டாப், எச்டிஎம்ஐ கேபிள், டார்ச் மூன்றும் கையில் இருக்கட்டும்.

புரொஜெக்டரைப் போடுவதற்கு முன்பே லென்ஸில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய இழை ஓடினால் அது பூஞ்சை. மலையடிவார ஈரத்தில் இது சகஜம். லென்ஸின் வெளிப்பக்கம் என்றால் துடைக்கலாம். உள்ளே என்றால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

இப்போது போடுங்கள். மெனுவில் லேம்ப் எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று இருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டாம், பூஜ்யமாக்கிவிட முடியும். லேம்ப் ஆயுள் என்று கம்பெனி சொல்வது பெரும்பாலும் வெளிச்சம் பாதியாகக் குறையும் வரைதான்.

லேப்டாப்பிலிருந்து முழுக் கறுப்பு, முழு வெள்ளை, பிறகு பொடி எழுத்து காட்டுங்கள். கறுப்பில் திட்டு தெரிந்தால் தூசி. வெள்ளை மஞ்சளாகவோ ஊதாவாகவோ திட்டுத் திட்டாக இருந்தால் உள்ளே ஏதோ கருகியிருக்கலாம். எழுத்தோரம் சிவப்பு, நீலம் கொஞ்சம் பிதுங்கினால் பரவாயில்லை. சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனியாக மூன்று பேனல் வைத்த கருவியில் அது இருக்கும். தள்ளி உட்கார்ந்தால் தெரியாது. ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். சில கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். டீ தந்தால் குடியுங்கள், அவசரமில்லை.

அப்புறம், இவ்வளவு பழைய கருவியில் எச்டிசிபி 2.2 (4கே படத்தைத் திருட்டு நகல் எடுக்காமல் தடுக்கும் பூட்டு) இருக்காது. 4கே செட்-டாப் பெட்டியைச் சொருகினால் படமே வராமல் போகலாம். பெட்டியை 1080பிக்கு மாற்றினால் பெரும்பாலும் வந்துவிடும்.

விலை படிந்ததா? ரிமோட்டில் அணைத்து, ஃபேன் நின்ற பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். ஆரியங்காவு வளைவுகளில் பஸ் தூக்கிப் போடும். பெட்டியைக் கேரியரில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். நம் ஊரில் காற்றடித்தாலே கரண்ட் போய்விடுகிறது. கொதிக்கிற லேம்புக்கு ஃபேன் திடீரென்று நிற்கக் கூடாது.